கருகிய மோரிஸ் மைனர்

“எரிஞ்சுபோன காரக் காணோம்னு ஒருத்தி வந்து நின்னா நீங்க சிரிக்கத்தான் செய்விய,” என்றாள் முத்துசெல்வி.

கண்ணபிரான் சிரிக்கவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். தீப்பெட்டி ஆலைகள் நிறைந்த கோவில்பட்டியில் தீயணைப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு தீ எங்கே தொடங்கியது, எப்படித் தொடங்கியது என்று சொல்லத் தெரிந்தவர் என்பதால் வக்கீல்களும் ஆலைக்காரர்களும் இன்னமும் அவரைத் தேடி வந்தார்கள். அதற்காகவே ரயில் நிலையச் சாலையில் ஒரு மாடியறையை வாடகைக்குப் பிடித்திருந்தார். சட்டப் படிப்பை முடித்த கையோடு அவரிடம் உதவியாளராகச் சேர்ந்திருந்தாள் பிரேமா. புதிதாக யாராவது படியேறி வந்தாலே அவளுக்கு உள்ளுக்குள் பரபரப்பு பிடித்துக்கொள்ளும். முத்துசெல்வியின் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பரபரப்பை வெளியே காட்டக் கூச்சமாக இருந்தது.

“எங்க வீட்டுக்காரவிய பழைய கார் மெக்கானிக்கு. இசக்கிராஜான்னா சிவகாசி, விருதுநகர் வரைக்கும் தெரியும். தங்கசாமி அண்ணாச்சியோட மோரிஸ் மைனர் அவிய ஷெட்லதான் நின்னுச்சு. இஞ்சின் வேலையெல்லாம் முடிஞ்சி போச்சு. புதூர்ப் பக்கம் எங்க ஊர்க் கோயில் கொடைக்குப் போயிட்டு வந்த அன்னைக்கு, சாயந்திரம் எதுத்தாப்ல டீ குடிச்சிட்டு நின்னாவ. ஷெட்ல பொகை. யாரு தடுத்தும் நிக்கல, உள்ள ஓடிட்டாவ. காரைத் தள்ளிக்கிட்டு பாதி தூரம் வந்திருக்காவ, கூரை விழுந்துட்டு.”

“இப்போ எப்படி இருக்கார்?”

“திருநெல்வேலி பெரியாஸ்பத்திரில கெடக்காவ. டாக்டர் கைய விரிச்சிட்டாரு.” அவள் குரல் உடையவில்லை. அழுது முடித்தவளின் குரல் அது. “இங்கன என்னடான்னா, எரிஞ்ச காரு நேத்து ஷெட்ல இல்ல. சாமானக் கழட்டி வித்துட்டு மறைக்கதுக்குத் தீ வச்சான், இப்பம் பொண்டாட்டி மிச்சத்தையும் இரும்புக் கடையில போட்டுட்டான்னு அண்ணாச்சி புகார் குடுத்திருக்காவ. சாகப்போற மனுசன் மேல திருட்டுக் கேசு.”

“கேட் பூட்டை உடைச்சிருந்ததா?”

“உடைக்கல. சாவி எங்கிட்ட ஒண்ணு, எடம் அவியளுதுங்கதால அண்ணாச்சி வீட்ல ஒண்ணு. அதான் எம்மேல பழி.”

“ஊர்லேருந்து திரும்பினதும் உங்க வீட்டுக்காரர் அந்தக் காரைத் திறந்து பார்த்தாரா?”

“இல்ல. தார்ப்பாய்கூட எடுக்கல. காலைல ஓட்டிப் பாக்கணும்னு மட்டும் சொல்லிக்கிட்டு இருந்தாவ.”

ஷெட் ஊருக்கு வெளியே, கரிசல் காட்டை ஒட்டி இருந்தது. மேலே வானம் தெரிந்தது. ஒரு மூலையில் பாதி எரிந்த லோடு ஆட்டோ நின்றது. அதன் பக்கம் போனபோது பிரேமாவின் செருப்புக்கடியில் கண்ணாடித் தூள் நெறுநெறுத்தது. வாசலுக்குப் பாதி தூரத்தில், விழுந்த கூரைத் தகரங்கள் ஒதுக்கப்பட்டிருந்த இடத்தில், ஒரு கார் நின்ற அளவுக்குத் தரை வெளுத்துத் தெரிந்தது.

“போலீஸ் இதைச் சரியாப் பார்க்கலையா சார்?”

“தகரம் மேல கிடந்திருக்கு. அடியில கரிஞ்ச காரு. அதுக்குமேல பார்க்க என்ன இருக்குன்னு விட்டிருப்பாங்க. இன்சூரன்ஸ் ஆள் வந்திருந்தா எல்லாத்தையும் விலக்கிட்டு இஞ்சின் நம்பர் தேடியிருப்பான். அவன் வர்றதுக்குள்ள வண்டி போயிட்டு.”

சொல்லிவிட்டுக் கண்ணபிரான் செருப்பைக் கழற்றினார். காரை உள்ளே நிறுத்தி வைத்திருந்த இடத்திலிருந்து வெளுத்த இடம்வரை, சாம்பலுக்குள் வெறுங்காலோடு மெதுவாக நடந்தார். திரும்பவும் நடந்தார். ஒரு மனிதன் வெந்த இடத்துக்கு மரியாதை செய்கிறார் என்று பிரேமா நினைத்துக்கொண்டாள். சற்றுத் தயங்கி அவளும் செருப்பைக் கழற்றினாள்.

தங்கசாமி பழைய தீப்பெட்டி ஆலை முதலாளி. ஆலையை மகன் நந்தகோபாலிடம் விட்டுவிட்டாலும் வீட்டில் இன்னமும் அவர் சொன்னதுதான் நடக்கும் என்பது உள்ளே நுழைந்ததுமே தெரிந்தது. மகன் நின்றுகொண்டிருந்தான், அவர் உட்கார்ந்திருந்தார்.

“எங்கப்பா வாங்குன காரு. வெளியூர்லேருந்து எத்தனை பேர் வந்து கேட்டாவ, குடுக்கல. இசக்கிராஜா கையில பிள்ளையக் குடுக்க மாதிரி குடுத்தேன். அவன் இப்படிச் செய்வான்னு நெனைக்கலையே அண்ணாச்சி,” என்றார். கண் கலங்கியது. அது நடிப்பில்லை என்று பிரேமாவுக்குப் பட்டது.

“நீங்க ஷெட்டுக்குப் போனீங்களா தம்பி?” என்று கண்ணபிரான் மகனைக் கேட்டார்.

“நான் அந்தப் பக்கம் போயே மாசக்கணக்கா ஆச்சு சார். அந்தப் பொம்பளதான் ஆள் வச்சுத் தூக்கியிருக்கும். அது என்ன பெரிய கனமா? ரெண்டு பேர் இருந்தா தூக்கி டிராக்டர்ல போட்டுட்டுப் போயிரலாம்.”

கண்ணபிரான் தலையசைத்துவிட்டுப் பேச்சை மழைக்குத் திருப்பினார். இந்த வருஷம் விதைப்பு எப்படி என்று பெரியவரிடம் விசாரித்தார்.

“எங்க? நாகலாபுரத்துல நெலம் தரிசாத்தான் கெடக்கு, பருத்தி குடோனும் பூட்டிக் கெடக்கு. முந்தாநாள் அங்கன நல்ல மழையாம். இங்க தூறல்கூட இல்ல. பேஞ்சும் என்ன செய்ய, பருவம் போயிட்டே.”

வெளியே வரும்போது முற்றத்தில் நின்ற டிராக்டரைச் சுற்றி வந்தார் கண்ணபிரான். பின்சக்கரப் பள்ளங்களில் கரிசல் மண் அப்பியிருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தார். மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே பிசுபிசுத்தது.

“நாளைக் காலையில முத்துசெல்வியை இங்கே கூட்டிட்டு வா,” என்று மட்டும் பிரேமாவிடம் சொன்னார்.

மறுநாள் தங்கசாமி வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். முத்துசெல்வி உட்கார மறுத்துக் கதவோரம் நின்றாள். கண்ணபிரான் சத்தம் உயர்த்தாமல், வீட்டு விஷயம் பேசுகிறவர்போலப் பேசினார்.

“தங்கசாமி அண்ணாச்சி, உங்க காருக்கு முன்னாலயும் பின்னாலயும் நல்ல கண்ணாடி உண்டா?”

“உண்டு. நாலு கதவுலயும் உண்டு.”

“தீயில கண்ணாடி வெடிக்கும், உருகும், கட்டியாக் கீழே விழும். ஆனா சாம்பலா மட்டும் ஆகாது. லோடு ஆட்டோ நின்ன மூலையில செருப்புக் கால் வைக்க முடியல. உங்க காரு நின்ன இடத்துலேருந்து பாதி தூரம் வரைக்கும் நான் வெறுங்காலோட நடந்தேன். ஒரு சில்லுகூடக் குத்தல. அங்க எரிஞ்ச காருக்குக் கண்ணாடியே கிடையாது.”

பிரேமாவுக்கு முகம் சூடாயிற்று. அவளும் அதே சாம்பலில்தான் வெறுங்காலோடு நின்றிருந்தாள்.

“அப்படின்னா?” என்றார் தங்கசாமி.

“எரிஞ்சது உங்க காரு இல்ல. அதே மாதிரி மோரிஸ் மைனரோட வெறும் தகரக் கூடு ஒண்ண எங்கேயோ இரும்புக் கடையில வாங்கி, இசக்கிராஜா கொடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து உள்ள நிறுத்திட்டு, நல்ல காரை எடுத்துட்டுப் போயிருக்காங்க. தார்ப்பாயை மூடிட்டா ரெண்டும் ஒண்ணுதான். இசக்கிராஜா திரும்பி வந்துட்டார். காலையில தார்ப்பாயை எடுத்தா குட்டு உடைஞ்சிரும். அதனாலதான் தீ அன்னைக்குச் சாயந்திரமே பிடிச்சது.”

“அதை அவனே செய்திருக்கலாம்ல சார்?” என்றான் நந்தகோபால்.

“அவர் செய்திருந்தா, உள்ள நிக்கது வெறும் தகரம்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். தகரத்துக்காக யாரும் நெருப்புக்குள்ள ஓட மாட்டாங்க தம்பி. அவர் ஓடினதே அவருக்குத் தெரியாதுங்கதுக்குச் சாட்சி. இன்னொரு சாவி இந்த வீட்டுல இருக்கு. இஞ்சினோட இருக்க ஒரு காரை ரெண்டு பேர் தூக்க முடியாது. எரிஞ்சாலும் இஞ்சின் இரும்புதானே, கனம் குறையுமா? ரெண்டு பேர் போதும்னு நேத்து நீங்க சொன்னீங்க. கூட்டுக்குள்ள இஞ்சின் இல்லைங்கது அதைத் தூக்கினவருக்குத்தான் தெரியும்.”

நந்தகோபால் அப்பாவைப் பார்த்தான். கண்ணபிரான் நிறுத்தவில்லை.

“கோவில்பட்டியில தூறல்கூட இல்ல, நாகலாபுரத்துல மழை. உங்க நிலத்துல இந்த வருஷம் உழவும் இல்ல. ஆனா டிராக்டர் சக்கரத்துல ஈரக் கரிசல் இருக்கு. அண்ணாச்சி, அந்தப் பருத்தி குடோனைக் கொஞ்சம் திறந்து பார்க்கலாமா?”

நந்தகோபால் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “கேட்டவனுக்குக் காரை வித்துருவோம்னு எத்தன தடவ சொன்னேன். நீங்க இருக்க வரைக்கும் எனக்கு ஒரு ஆணி பிடுங்க உரிமை கிடையாது. எரிஞ்சி போச்சுன்னா தேட மாட்டீங்கன்னு நெனச்சேன். அவன் உள்ள போவான்னு நான் நெனைக்கலப்பா.”

தங்கசாமி எழுந்து உள்ளே போனார். ஒரு சாவிக்கொத்தோடு திரும்பி வந்தார்.

நாகலாபுரத்தில் குடோன் கதவைத் திறந்ததும் வெளிச்சம் விழுந்த இடத்தில், கறுப்பு நிறத்தில், துடைத்து வைத்ததுபோல மோரிஸ் மைனர் நின்றது. அதன் பின்னால் சணல் சாக்குகளுக்குக் கீழே மற்றது கிடந்தது. கண்ணாடி இல்லை, இஞ்சின் இல்லை, கருகிச் சுருண்ட கூடு. தங்கசாமி தன் காரின் கதவைத் தடவினார். அவர் தோள்கள் குலுங்கின.

முத்துசெல்வி நல்ல காரைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்னால் போய்ச் சாக்குகளை விலக்கினாள். கூட்டின் பின்பக்கத் தகரத்தில், புகைக்கரி நடுவே, இரண்டு உள்ளங்கை அளவுக்கு மட்டும் நிறம் வேறாக இருந்தது. அவள் அதன் அருகே கையைக் கொண்டுபோனாள். தொடாமல் எடுத்துக்கொண்டாள்.

“இதுக்காப் போனாவ?” என்றாள்.



பிரேமா தங்கசாமி பக்கம் திரும்பினாள். “ஐயா, உங்க மகன் வீட்டுல சொன்னதை நீங்க ஸ்டேஷன்ல வந்து சொல்லணும்.”

“எதத் தாயி?”

“உள்ளே போவான்னு நினைக்கலைன்னு சொன்னாரே.”

தங்கசாமி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எனக்கு அப்படி ஒண்ணும் கேக்கலையே. இசக்கிராஜா மேல குடுத்த புகாரை இன்னைக்கே வாபஸ் வாங்கிருதேன். காருதான் கெடச்சிட்டே.”

திருநெல்வேலிக்குப் போகும் வழியில் கண்ணபிரான் நிலைமையைச் சொன்னார். சொந்தக் காரைச் சொந்த குடோனில் வைத்திருந்தோம் என்பார்கள். கூட்டுக்கு ஒரு கதை கட்டுவார்கள். கூடத்தில் பேசியதைத் தகப்பனே கேட்கவில்லை என்றால் நாம் மூவரும் கேட்டது கோர்ட்டில் நிற்காது. தீ வைத்தவனைப் பார்த்திருக்கக் கூடியவர் ஒருவர்தான் உண்டு.

“ஷெட்டுக்குப் பின்வாசல் இருக்கு. அவர் உள்ள ஓடின நேரத்துல அந்தப் பக்கமா யாராவது போனதைப் பார்த்திருக்கலாம். அந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைச்சா மாஜிஸ்திரேட்டைக் கூப்பிட்டு வாக்குமூலம் எடுக்கச் சொல்லலாம். பிரேமா, நீ கேளு. நிதானமாக் கேளு.”

முத்துசெல்வி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

தீக்காய வார்டில் இசக்கிராஜாவின் உடம்பு மேல் படாதபடி வளைவுக் கம்பிகளில் துணி போர்த்தியிருந்தார்கள். முகத்தில் கண்கள் மட்டும் அவருடையவையாக இருந்தன. பிரேமா குனிந்தாள். தயார் செய்து வைத்திருந்த கேள்வியின் முதல் வார்த்தைக்கு வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவியைப் பார்த்துவிட்டார்.

“வண்டி என்னாச்சிட்டி?”

முத்துசெல்வி கட்டிலை ஒட்டி வந்து நின்றாள்.

“நல்லா இருக்கு. ஒரு கீறல் இல்ல. இப்பந்தான் பாத்துட்டு வாரேன். அண்ணாச்சி கதவத் தடவிக்கிட்டு அழுதாவ.”

அவர் கண்களில் ஏதோ அசைந்தது. மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார்.

“எஞ் சத்து இல்லட்டி அது. ஒத்த ஆளு அசைக்கக்கூடிய வண்டியா? கைய வச்சதும் பஞ்சு மாதிரி நகந்துச்சு. கொடைக்குப் போயிட்டு வந்தோம்லா, சாமி கூட நின்னு தள்ளியிருக்கு.”

“ஆமா,” என்றாள் முத்துசெல்வி. “சாமிதான்.”

பிரேமா நிமிர்ந்தாள். பின்வாசலில் யாரைப் பார்த்தீர்கள் என்று கேட்டால், ஏன் என்று அவர் கேட்பார். அதற்குப் பதில் சொன்னால், வண்டி ஏன் லேசாக இருந்தது என்பதும் சேர்ந்து வந்துவிடும். கட்டிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து முத்துசெல்வி அவளைப் பார்த்தாள். கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வராந்தாவில் கண்ணபிரான் சுவரில் சாய்ந்து நின்றார்.

“கேட்டியா?”

“இல்ல சார்.”

இருவரும் அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். உள்ளே இசக்கிராஜா மெல்லிய குரலில் திரும்பவும் அதையே சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

மறுநாள் விடிவதற்குள் இசக்கிராஜா போய்விட்டார். ஸ்டேஷனில் தீ விபத்து என்று எழுதிக் கேஸை முடித்தார்கள்.