இடுப்பளவு முடிச்சு

அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அன்றுதான் எங்களுக்கு மூச்சுவிட முடியாத வேலை. பழைய உள்விளையாட்டரங்கையே காட்சிக்கூடமாக மாற்றியிருந்தார்கள்; நகரத்தின் நூறு வருட விளையாட்டும் பொழுதுபோக்கும் அதற்குள் அடங்க வேண்டும். பொருட்களைக் காட்சிக்கு நிறுத்துவது என் பொறுப்பு. தச்சு வேலைக்கு என் தம்பியைச் சேர்த்துக்கொண்டேன். கெட்டிக்காரன். வாய்தான் ஓயாது.

காலை பத்து மணிக்கு உள்ளே போனோம். சைக்கிள் பந்தயக் கோப்பைகள், தோல் உரிந்த குத்துச்சண்டைக் கையுறைகள், கேரம் பலகைகள் எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டன. மிச்சம் ஒரு வடம்தான்.

கயிறு இழுக்கும் போட்டியின் வடம். கைக்கு அடங்காத தடிமன். ஒரு நுனியில் இடுப்பளவுக்கு வளையமாக ஒரு முடிச்சு. கூடவே வந்த அட்டையில் விவரம் இருந்தது. துறைமுகத் தொழிலாளர்களுக்கும் தீயணைப்புப் படைக்கும் இறுதிப் போட்டி. தீயணைப்பு அணியின் கடைசி ஆள், விதிக்கு மாறாக, வடத்தை இடுப்பில் சுற்றி முடிந்துகொண்டான். மழைச் சேற்றில் வழுக்கி விழுந்தவனை எதிரணி கவனிக்காமல் இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. அவன் எழவேயில்லை. அடியில் சிவப்பு மையில் இரண்டு வரி: ‘முடிவு அறிவிக்கப்படவில்லை. முடிச்சை அவிழ்க்கக் கூடாது.’

“யாரோ நல்லா கயிறு திரிச்சிருக்காங்கக்கா” என்று சிரித்தான் தம்பி.

‘அவிழ்க்கக் கூடாது’ என்பது எங்கள் தொழிலில் சாதாரண வாசகம். ஒரு பொருள் எந்த நிலையில் வந்ததோ அந்த நிலையிலேயே வைக்க வேண்டும். பதினெட்டு வருடமாக நான் அதை மீறியதில்லை. அன்று மீறினேன்.

காரணம் அற்பமானது. துறைமுக அணியின் எட்டுப் பேரும் வடத்தைப் பிடித்துச் சாய்ந்து நிற்கும் புகைப்படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தோம். வடத்தின் ஒரு முனையை அவர்கள் கையருகே இருந்த கொக்கியில் மாட்டியாயிற்று. மறுமுனை, தம்பி நட்ட மரத்தூணுக்கு எட்டவில்லை. இரண்டு முழம் குறைந்தது. மறுநாள் திறப்பு விழா. நெம்புகோலை நுழைத்து முடிச்சை அவிழ்த்தேன். உள்ளிருந்து ஈர மண்ணும் வியர்வையும் கலந்த வாடை குப்பென்று அடித்தது.

இப்போது தூணைத் தாண்டியும் வடம் மிச்சம் இருந்தது.

“லூசா கிடக்குக்கா. இழுத்துப் பிடிச்சாதான் கிளாம்ப் முடுக்க முடியும்” என்றான். அதற்கு இரண்டு கையும் வேண்டுமே. எந்தத் தச்சனும் செய்வதைத்தான் செய்தான். மிச்ச நுனியை இடுப்பில் இறுக்கிச் சுற்றிச் செருகிக்கொண்டு ஸ்பானரை எடுத்தான்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு உறைக்கவில்லை.

வடம் மெல்ல விறைத்தது.

“இழுக்காதக்கா.”

“நான் எங்கடா இழுக்கறேன்?”

என் இரண்டு கையிலும் குறிப்பு அட்டைகள்தான் இருந்தன.

வடத்தின் புரிகள் முறுகும் சத்தம் கேட்டது. கூடவே, சேற்றில் குதிகால்கள் ஊன்றும் சத்தம். பல குதிகால்கள். சிமென்ட் தரையில், பட்டப்பகலில், எல்லா விளக்கும் எரியும்போது.

தம்பி ஓரடி முன்னால் நகர்ந்தான். இன்னோரடி. அவன் ஷூ தரையில் கீச்சிட்டது.

“அக்கா, மூச்சு...”

ஸ்பானரைப் போட்டுவிட்டு, செருகிய நுனியை உருவப் பார்த்தான்; வரவில்லை.

ரம்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். சுவரிலிருந்த எட்டுப் பேரும் அசையவில்லை. அதைச் சத்தியம் செய்து சொல்வேன். ஆனால் கொக்கி கழன்று தரையில் கிடந்தது. வடம் மட்டும் அவர்கள் கைகளிலிருந்து விறைப்பாக நீண்டிருந்தது.

அறுத்தேன். பாதுகாக்க வேண்டிய பொருளை என் கையாலேயே வெறிபிடித்தவள்போல அறுத்தேன். கடைசிப் புரி தெறித்ததும் தம்பி மல்லாந்து விழுந்தான்.

விலா எலும்பு இரண்டு முறிந்திருந்தது. “தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்கோ” என்றார் என் கணவர். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். எனக்கிருப்பது ஒரே தம்பி.

மூன்றாம் நாள் பிற்பகல் வார்டுக்குள் நுழைந்ததுமே நர்ஸ் கடிந்துகொண்டார்.

“கட்டிலை ஏம்மா தள்ளித் தள்ளிப் போடறீங்க? எத்தனை தடவை சரி பண்றது?”

“நான் இப்பதானே சிஸ்டர் வர்றேன்.”

கட்டிலின் நான்கு சக்கரங்களும் பூட்டித்தான் இருந்தன. தரையில் நான்கு கறுப்புத் தடங்கள், சுவரிலிருந்து வாசலை நோக்கி.

நர்ஸ் நகர்ந்ததும் தம்பி கண் திறந்தான்.

“அவுத்து விடுக்கா” என்று முனகினான்.

போர்வையை விலக்கினேன். ஆஸ்பத்திரிக் கட்டைத் தவிர அவன் உடம்பில் எதுவும் இல்லை.

கட்டில் நகர்ந்தது.

தலைமாட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பற்றிப் பின்னால் சாய்ந்தேன். நின்றது. என் பிடி கொஞ்சம் தளர்ந்தால் ஒரு விரற்கடை போகிறது. மறுபடி இறுக்கினால் நிற்கிறது.

பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தது. “கிளம்புங்கம்மா” என்றார் நர்ஸ்.

எப்படி விடுவேன்? அந்தப் பக்கம் எட்டுப் பேர். இந்தப் பக்கம் நான் ஒருத்திதான்.