மடக்கிய காலின் அளவு

கதவு கட்டில் காலில் இடித்து நின்றது.

நேற்றுவரை சுவரோடு சுவராகச் சாய்ந்து திறந்த கதவு அது. கட்டிலை யாரும் தொடவில்லை. அதன் காலடியில் துருக்கறை அதே இடத்தில்தான் இருந்தது. அவள் ஒருக்களித்து உள்ளே நுழைந்தாள். பெயிண்ட் எப்போதோ காய்ந்துவிட்ட அறையில், இப்போதுதான் பூசியது போல ஈரச் சிமெண்ட் வாடை மூக்கில் ஏறியது. ஹால் பக்கச் சுவருக்குள், கனமான பீரோவை யாரோ மூச்சுப் பிடித்து இழுப்பது போன்ற கரகரப்பு ஒன்று எழுந்து, அவள் காது கொடுத்ததும் நின்றது.

போன வாரம்தான் மேஜைக்கு இடமில்லாமல் வெளியே போட்டாள். அப்புறம் நாற்காலி.

"சுவர் நகருதுடி" என்று அடுத்த அறை நெட்டையிடம் சொல்லியும் பார்த்தாயிற்று.

"படிச்சுப் படிச்சு மண்டை சூடாயிடுச்சு உனக்கு. ஹால்ல வந்து உட்காரு. ஷட்டில் ஆடலாம், அவ்வளவு இடம் கிடக்கு."

கிடக்காதா பின்னே? இந்த விடுதி தடுப்பே இல்லாத வெறும் கூடமாக இருந்தபோது, பிளான் போட்ட மேடம் சேர வந்த பெண்களிடம் ஆளுக்கொரு டேப் சுருளைக் கொடுத்தார். "உங்களுக்கே உங்களுக்குன்னு எவ்வளவு இடம் வேணுமோ, தரையில ஒட்டிக் காட்டுங்க. மிச்சமெல்லாம் பொது." நெட்டை ஜன்னலையும் சேர்த்து வளைத்துப் போட்டாள். ஒரே அறையில் ஐந்து பேரோடு படுத்து வளர்ந்த இவளுக்குக் கை வரவில்லை. ஒரு பாய் அளவுக்குத்தான் ஒட்டினாள், அதிலும் முக்கால் பாய்.

"காலை நீட்ட வேண்டாமா?"

"மடக்கியே பழக்கம் மேடம். எனக்கு இது போதும்."

மேடம் தோளைத் தட்டிக்கொடுத்தார். "உன்னாலதான் ஹால் பெருசா வருது." அதைப் பாராட்டு என்று நினைத்துச் சிரித்தாளே, அந்தச் சிரிப்பை இப்போது செருப்பால் அடிக்கத் தோன்றியது. கட்டி முடித்தபோது எல்லா அறையும் ஒரே அளவுதான். டேப்பை எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்றுதான் இருந்தாள்.

அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"சின்னவளை இங்க அனுப்பாதம்மா."

"அவ அப்பவே பஸ் ஏறிட்டா. புதுசா கட்டப்போற மாடி ரூமுக்கு அந்த மேடம் இன்னிக்கே அளவெடுக்கறாங்களாமே? நீ படிச்ச, அவ படிக்க வேணாமா?"

"இந்த ரூம் சுருங்குதும்மா!"

"நாம என்ன மாளிகையிலயா இருந்தோம்? சமாளிச்சுக்கடி."

இல்லை. இனி ஒரு நிமிடமும் இல்லை. சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கே ஓடி, தங்கையை அங்கேயே மறித்துத் திருப்பிவிட வேண்டும். குடும்பத்திலேயே முதல் சான்றிதழ்கள். அவற்றை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. கட்டிலில் ஏறிக் குப்புறப் படுத்து, அடியில் கைவிட்டுத் துழாவினாள்.

கரகரப்பு.

நிமிர்ந்தாள். கதவு தானாகச் சாத்தியிருந்தது. கட்டில் விளிம்பு அதை அழுத்திப் பிடித்திருந்தது. இழுத்தாள். அசையவில்லை. சுவரைக் குத்தினாள். போன் கைநழுவி எங்கோ அடியில் விழுந்தது. ஜன்னல் வெளிச்சம் கோடாக மெலிந்தது. போயிற்று.

"நெட்டை! கதவைத் திறடி!"

ஹாலில் சிரிப்பு. யாரோ பந்து உருட்டினார்கள்.

கட்டிலில் மல்லாந்து சரிந்தாள். தலைமாட்டுச் சுவர் உச்சந்தலையைத் தொட்டது. கால்மாட்டுச் சுவர் பாதத்தைத் தொட்டது. சில்லென்று. ஈரமாக. கட்டில் சட்டம் முனகி வளைந்தது. முழங்காலை மடக்கினாள்.

சுவர்கள் நின்றன.

அதே அளவு. அவள் ஒட்டிய அளவு. கூரைக்கு மட்டும் யாரும் டேப் ஒட்டவில்லை. அது இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம், காதுக்கு நேராக, ஒரு குரல்.

"அம்மாடி! ஹால் எவ்வளவு பெருசு! அக்கா எங்க?"

சின்னவள்.

"உள்ளதான் இருப்பா, வருவா. இந்தா, டேப்பைப் பிடி. உனக்குன்னு எவ்வளவு இடம் வேணும்?"

கத்த வேண்டும். கத்த நெஞ்சு விரிய வேண்டும். விரிய இடமில்லை. நகத்தால் சுவரைக் கீறினாள். விரல் ஈரச் சிமெண்டில் புதைந்தது. வெளியே வரவில்லை.

அந்தப் பக்கம் ஒரு கூச்சச் சிரிப்பு. அச்சு அசலாக அவளுடைய சிரிப்பு.

"எனக்குக் கொஞ்சம் போதும் மேடம்."

சர்ரென்று டேப் பிரிந்தது. சட்டென்று அறுந்தது.