மூன்று மணிக் காற்று

மூன்றே கால் ஆகியும் மின்விசிறி இரண்டாம் வேகத்துக்கு இறங்கவில்லை. நான்காவது நாளாக ஐந்திலேயே சுழன்றது.

"சுவரு சுவிட்சைக் கொஞ்சம் அணைக்கணும் டீச்சர்," என்றான் எலக்ட்ரீஷியன் சுடலைமுத்து, ஏணியில் நின்றபடி.

எஸ்தர் டீச்சர் அந்த சுவிட்சின் மேல் ஏழு மாதமாக டேப் ஒட்டி வைத்திருந்தாள். "அணைச்சா அது மறந்துருமே தம்பி?"

"பழகி அதுக்கெல்லாம் மறக்காது. ரிமோட் போச்சுன்னு கூப்பிடுவாங்க. வந்து பாத்தா சுவிட்சுதான் ஆஃப்ல கிடக்கும்; போட்டதும் படிச்சது எல்லாம் அப்படியே இருக்கும். நீங்களும் வீணாப் பயப்படுறீங்க."

விசிறியின் மேல்மூடிக்குள் இருந்தது பழகி. ஒருவர் தினமும் காற்றைக் கூட்டுவதையும் குறைப்பதையும் கற்றுக்கொண்டு, பிறகு தானே செய்யும். அவள் கணவர் சாலமோன் மதியத் தூக்கத்தினிடையே சரியாக மூன்று மணிக்கு இரண்டில் வைப்பார். ஏழு மாதத்துக்கு முன் அவர் இறந்த பிறகும் மூன்று மணிக்கு விசிறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

சுடலைமுத்து சுவிட்ச், ரிமோட், வயர் எல்லாவற்றையும் சோதித்தான். சுவிட்சைத் திரும்பப் போட்டதும் விசிறி ஐந்தில் சுழன்றது. பழகியின் பதிவைக் காட்டும் கையளவியைப் பார்த்தான்.

"வயரிங்ல ஒண்ணும் இல்ல. மூணு மணிக்கு அது இறக்குனதை யாரோ ஏத்தியிருக்காங்க. இருநூறு தரம். அவ்வளவு தரம் திருத்துனா, தப்பாப் படிச்சிட்டோம்னு பழசை விட்டுரும்."

எஸ்தர் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நான்தான். இறங்கினதும் அஞ்சுல வைப்பேன். 'குளிருச்சின்னா போத்திக்கிட வேண்டியதுதான'ன்னு அவரை ஏசுவேன். முப்பது வருசமா ஏசுனதுதான். அவரு திரும்ப இறக்குவாரு. அவரு மாதிரியே அதுவும் மறுநாள் இறக்கும். அதைப் பாக்கத்தான் தம்பி..."

அவன் ஏணியை மடக்கவில்லை. "ஒரு மாசம் நீங்களே ரெண்டுல வைங்க. திரும்பக் கத்துக்கிடும்," என்றான்.

"அது நான் சொல்லிக்கொடுத்ததாத்தான இருக்கும்?"

அவன் சுவிட்சிலிருந்து உரித்த டேப்பை விரலில் உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு காசு வாங்காமல் போனான்.

எஸ்தர் படுத்தாள். ஐந்தில் வீசிய காற்று, அவள் விரும்பிய அதே காற்று, முதல்முறையாக அவளுக்குக் குளிர்ந்தது. ரிமோட் கையெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. கால்மாட்டில் மடித்து வைத்திருந்த அவருடைய போர்வையை எடுத்துக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.