முதல் ஞாயிறு ஃபார்மேட்

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மதியம் மூன்று மணி வெயிலில், அச்சுதன் வண்டியை நிறுத்தினான். கம்ப்யூட்டர் சர்வீஸுக்காக இந்த வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. காம்பவுண்டுச் சுவரில் 'வண்டி நிறுத்தாதே' என்று எழுதியிருந்தது. பேய் வீட்டுக்கு உண்டான லட்சணம் எதுவும் இல்லை.

கதவைத் திறந்த மதியழகனுக்கு ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பட்டன்களை ஒன்று தள்ளி மாட்டியிருந்தார்.

ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. ஹாலில் பெருங்காய வாசனை. சமையலறையில் அடுப்பு இருந்த இடத்தில் செவ்வகமாக எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் மிச்சம்.

"மெஸ்ஸுல சாப்பிடறேன். அடுப்பைத் தங்கச்சிக்குக் குடுத்துட்டேன்," என்றார். "ஃபார்மேட் பாதியில நிக்குது. முடிச்சுக் குடுங்க."

அச்சுதன் கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றினான். ஹார்ட் டிஸ்க், உள்ளே யாரையோ வைத்துப் பூட்டியதுபோல டக், டக் என்று தட்டியது.

"கடைசியா எப்ப சார் பண்ணீங்க?"

"போன மாசம். மாசாமாசம் முதல் ஞாயிறு. இருபது வருஷப் பழக்கம். எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிற மாதிரி."

"அதெல்லாம் அந்தக் காலம் சார். வீட்டு கம்ப்யூட்டருக்கு இப்ப அது வேஸ்ட். வேகமும் ஏறாது, ஒண்ணும் ஆவாது. இந்த டிஸ்க் வேற சாவக் கெடக்கு. இன்னொரு தடவை அடிச்சா அவ்வளவுதான்."

"பிரயோஜனம் இருக்கு," என்றார் மதியழகன்.

அவர் மனைவி சுஜிக்கு டைப் அடிக்கச் சோம்பல். மளிகை லிஸ்ட்டை மைக்கில் பேசி கம்ப்யூட்டரில் போட்டுவைப்பாள். ஆபீஸ் விட்டு வந்ததும் இவர் அதைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போவார். ஜனவரிக் கடைசியில் ஒருநாள் லிஸ்ட்டைப் பேசி முடித்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அந்த லிஸ்ட்டை இவர் கேட்கவே இல்லை. காரியம் முடிவதற்குள் பிப்ரவரி முதல் ஞாயிறு வந்தது. கை, பழக்கத்தில் ஃபார்மேட் அடித்து எல்லாவற்றையும் அழித்துவிட்டது.

"ரெண்டு நாள் கழிச்சுதான் உறைச்சுது," என்றார், கரண்ட் பில் கட்ட மறந்தவர் போல.

மார்ச்சில் ஃபார்மேட் முடிந்ததும், காலி டிஸ்கில் ஒரு ஆடியோ இருந்தது. நாலு செகண்ட். குக்கர் விசில். ஏப்ரலில் விசிலுக்குப் பின் "ஏங்க". மே மாதம் "ஏங்க, கடலை மாவு". அதன்பின் மாதத்துக்கு ஒரு சாமான் கூடியது. இவரும் வாங்கிவந்து மேஜையில் அடுக்கினார். கடலை மாவு, பெருங்காயம், துடைப்பம், பினாயில், ஊதுபத்தி. இது அக்டோபர்.

"இன்னும் என்ன வேணும்னு சொல்லி முடிக்கல தம்பி. அத மட்டும் கேட்டுட்டா போதும். அடிங்க."

அச்சுதன் அடித்தான்.

தொண்ணூற்றேழு சதவீதம்.

டக்.

தொண்ணூற்றெட்டு.

திரை இருண்டது.

"செத்துடுச்சு சார்," என்றான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். மதியழகன் தலையாட்டினார். பிளக்கைப் பிடுங்கி, டிஸ்கைக் கழற்றிக் கையில் எடுத்தான். காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுட்டது.

அப்போது ஸ்பீக்கர் பேசியது. அதில் விளக்குகூட எரியவில்லை.

"ஏங்க, கடலை மாவு, பெருங்காயம், துடைப்பம், பினாயில், ஊதுபத்தி. அப்புறம் டீத்தூள். அச்சுதன் தம்பி வந்திருக்காரு பாருங்க."

அச்சுதன் சுஜியைப் பார்த்ததே இல்லை.

மதியழகன் வயர்கூடையை எடுத்தார். "டீத்தூளாம். முக்குக் கடைதான், ரெண்டே நிமிஷம்."

"சார், நானும் வரேன்."

"உக்காருங்க. வந்தவங்கள எழுப்பி அனுப்பிட்டேன்னு திட்டுவா."

கதவு சாத்திக்கொண்டது.

அச்சுதன் உட்கார்ந்திருந்தான். எழுந்து ஓடியிருக்கலாம். கால்கள் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

சமையலறையில் குக்கர் விசிலடித்தது.

அடுப்பில்லாத சமையலறை.

பால் பொங்கும் வாசனை வந்தது. பிறகு, கரண்டி டம்ளரில் படும் சத்தம்.

"சர்க்கரை எவ்வளவு தம்பி?"

பத்து வருடமாக வீடு வீடாகப் போய் டீ குடித்த வாய், அவனைக் கேட்காமலே பதில் சொன்னது.

"கம்மியா போடுங்கக்கா."

மதியழகன் திரும்பி வந்து, டீத்தூள் பாக்கெட்டைச் சமையலறை வாசலில் வைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜைக்கு வந்திருந்த டம்ளரை எடுத்து அச்சுதன் ஒரு வாய் குடித்தான்.

சர்க்கரை கம்மியாகத்தான் இருந்தது.