அப்னாவுக்குச் சேர்ந்தது

லெப்டொப்பை மூடிய பிறகும் உடைகிற சத்தம் நிற்கவில்லை.

அஸ்கி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். காதுக்குள் மிஞ்சியிருக்கும் இரைச்சல்தான் என்று நினைத்தான். முன் விறாந்தையில் ஓதிக்கொண்டிருந்தவர்களின் முணுமுணுப்பும், சாம்பிராணிப் புகையும், குசினியில் நெய்ச்சோறு தம்மில் கிடக்கும் வாசமும், மழை விட்ட பின் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரும், அதற்கப்பால் மார்கழிக் கடலின் ஓயாத இரைச்சலும் கதவிடுக்கு வழியாக ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அவை எல்லாவற்றுக்கும் அடியில், மிக மெதுவாக, ஒரு பீங்கான் கோப்பை உடைந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

இன்று அப்னா ராத்தாவின் நினைவுநாள் கத்தம். அவன் பிறப்பதற்கு முன்பே, நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் காலையில், ஆறு வயதில் சுனாமிக் கடல் கொண்டுபோன அக்கா அவள். ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் குர்ஆனின் முப்பது பாகங்களான ஜுஸ்உகளையும் சொந்தக்காரர்கள் பங்கு பிரித்து ஓதுவார்கள். முடிந்ததும் பள்ளிவாசல் லெப்பை கையேந்தி அவள் பெயரைச் சொல்வார். யார் யார் எதை ஓதினார்களோ அதன் நன்மை அந்தப் பெயருக்குப் போய்ச் சேரும். இந்த வருடம்தான் முதல் தடவையாக அஸ்கிக்கும் ஒரு ஜுஸ்உ கொடுத்தாள் உம்மா.

கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் அறைக்குள் வந்து கதவைச் சாத்தி, குர்ஆனை விரித்திருந்தான். பக்கத்திலேயே லெப்டொப் இருந்தது. டியூசனில் வினோஜ் பென்ட்ரைவில் போட்டுக் கொடுத்த விளையாட்டு. நத்தார் காலத்துக்கென்று யாரோ அவசரமாகச் செய்து மலிவாக விற்ற சின்னச் சாமான். சோடித்த ஒரு வீடு, சிவப்புத் தொப்பி போட்ட ஒரு சுத்தியல். மரம், விளக்கு, பீங்கான், கதவு என்று இருப்பதையெல்லாம் உடைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு தடவை மட்டும், பிறகு ஓதலாம் என்று நினைத்தான்.

தொடங்கும்போது திரை கேட்டது: இந்தப் பரிசு யாருக்கு?

காலையிலிருந்து வீடு முழுக்க ஒரே பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. விரல்கள் அதையே தட்டின: அப்னா.

ஒரு தடவை விளையாடினான். இன்னொரு தடவை. பிறகு இன்னொன்று. ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு மேலே அந்தப் பெயர் மினுங்கியது. கண்ணாடி அலுமாரி சரிந்தபோது சிரிப்புக்கூட வந்தது. லெப்டொப்பை மூடும்வரை குர்ஆனில் ஒரு ஆயத்தும் ஓதவில்லை.

இப்போது கதவு தட்டப்பட்டது. உம்மா தலையை மட்டும் நீட்டினாள்.

"ஓதி முடிஞ்சா மன?"

"ஓம் உம்மா."

அவளுடைய கண்கள் நிறைந்தன. "தம்பிர வாயால அவளுக்கு இதான் முதல் தடவ போய்ச் சேருது," என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அஸ்கிக்கு முகம் எரிந்தது. அந்த விளையாட்டை அழித்துவிட வேண்டும். லெப்டொப்பைத் திறந்தான்.

அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

சோடனை மரம் இல்லை. மின்குமிழ்கள் இல்லை. சுவர்களில் ஆள் உயரத்துக்கு ஈரம் ஊறிய மண்ணிறக் கோடு, தரையெல்லாம் கடல் மணல். யாரும் தொடாமலே சுத்தியல் ஏறி இறங்கியது. குசினி முடிந்தது. அடுத்த அறைக்குப் போனது. எந்த விசையை அழுத்தியும் நிற்கவில்லை. விசைப்பலகைக்குள்ளிருந்து உப்பும் சேறும் கலந்த வாசம் வந்தது. சுத்தியலுக்கு முன்னால், ஒவ்வொரு அறையாக, சின்னக் கால்கள் ஓடின. ஈரக் கால்கள்.

யாரோ ஒளிகிறார்கள்.

எழுந்து விறாந்தைக்கு ஓடினான். வாப்பாவிடம் சொல்ல வேண்டும். நான் ஓதவில்லை, என் பங்கைச் சேர்க்க வேண்டாம் என்று லெப்பையிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். துஆப் பிரார்த்தனை தொடங்குவதற்குள்.

பாயில் எல்லோரும் அவனுக்காகக் காத்திருந்தார்கள். நஸீம் மாமா மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "நாங்க பாதி ஓதக்குள்ள பொடியன் முடிச்சிட்டானாம். றெயில் மாதிரிப் போயிரிக்கான்."

மெல்லிய சிரிப்பு. லெப்பையும் சிரித்தார். வாசலில் நின்ற உம்மா பெருமையோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாப்பா..."

"என்ன மன?"

அத்தனை முகங்களும் திரும்பின. உம்மாவின் அந்தப் பார்வை. இத்தனை பேருக்கு முன்னால். செத்த பிள்ளையின் கத்தத்தில் பொய் சொன்னவன்.

"ஒண்டுமில்ல. தொப்பிய எடுத்திட்டு வாறன்."

"கெதியா வா. லெப்பை தொடங்கப் போறார்."

அறைக்குத் திரும்பினான். கால்களுக்குக் கீழே சீமெந்துத் தரை குளிர்ந்தது. நறநறத்தது. மணல்.

திரையில் ஒரு அறைதான் மிச்சம்.

மூலையில் ஒரு சிறுமி. முழங்கால்களுக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள். தலைமுடி தண்ணீராக வழிந்தது. சுத்தியல் அவளுக்கு முன்னால் வந்து நின்றது. அடிக்கவில்லை. எதற்கோ காத்திருந்தது.

மூடியை அழுத்தினான். இறங்கவில்லை. வயரைப் பிடுங்கினான். அறை விளக்குத்தான் அணைந்தது.

வெளியே லெப்பையின் குரல் உயர்ந்தது. யா அல்லாஹ், இந்த வீட்டார் ஒவ்வொருவரும் இன்று அப்னாவின் பெயரால் செய்ததையெல்லாம், ஒன்றும் குறையாமல், அவளிடமே சேர்த்து வைப்பாயாக.

வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தான். காற்றுத்தான் வந்தது.

"ஆமீன்." எல்லாக் குரல்களுக்கும் மேலே உம்மாவின் குரல்.

பெயர் கேட்டதும் சிறுமி தலையை நிமிர்த்தினாள். உம்மாவின் நெற்றி. அவனுடைய மூக்கு. முகத்தில் இப்போது பயம் இல்லை. தனக்கென்று யாரோ ஏதோ கொண்டுவந்திருப்பதாகக் கேட்ட பிள்ளையின் முகம். திரைக் கண்ணாடிக்கு இப்பால் நின்ற அவனை அடையாளம் கண்டவள்போலச் சிரித்தாள்.

பிறகு இரண்டு சின்னக் கைகளையும் சேர்த்து, விரித்து, நீட்டினாள்.

சுத்தியல் உயர்ந்தது.