குறுக்கே நடக்கிறவள்

மலை ஏறி வந்த வேன் அவளை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. காற்றில் ஈரப் புல்லின் வாசனை. உருண்டை வெள்ளைக் கூரையோடு நின்ற அந்தப் பழைய வானாய்வுக் கூடத்தின் கதவை உள்ளிருந்து ஓர் ஆள் தோளால் முட்டித் திறந்தார்.

"தங்கச்சிதானே? கேக்கவே வேணாம். அதே நடை. பஸ்ஸை விட்டுடுவோமோங்கற மாதிரி."

"நீங்க?"

"ஆந்தை. தொலைநோக்கியை ஓட்டுறவன். பேரு உங்க அக்கா வெச்சது. இப்ப என் வீட்டுக்காரியே அப்படித்தான் கூப்பிடுறா. சொந்தப் பேரைச் சொன்னா நானே திரும்பிப் பாக்கறதில்ல."

அவளுக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றது. மாடிப்படிக்குப் பக்கத்து ஆணியில் அக்காவின் நீலக் கம்பளிக் கோட்டு தொங்கியது. முழங்கைகள் மடிந்தபடி, இப்போதுதான் யாரோ கழற்றி மாட்டியதுபோல.

"எடுத்து வெக்க மனசு வரல," என்றார் ஆந்தை. "நீங்களே வந்து எடுத்துக்குவீங்கன்னு விட்டுட்டேன். வர ஒரு வருஷம் ஆச்சு உங்களுக்கு."

அதில் குத்தல் இருந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அம்மா போனபோது அவளுக்கு நினைவு தெரியாத வயது. தலை வாரிவிட்டது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டது, பாடம் சொல்லித்தந்தது எல்லாம் அக்காதான். ஆரஞ்சுப் பழத்தை உரித்தால் தோல் அறுபடாமல் ஒரே சுருளாக வரும் அக்காவுக்கு. சுளைகளை இரண்டாகப் பிரித்து, "சரிபாதி" என்று சாதித்தபடி பெரிய பங்கைத் தங்கை பக்கம் தள்ளுவாள். எண்ணப் போனால் கையில் ஒரு தட்டு விழும். தங்கை படித்தாள், பெருநகரத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள், பெயர் வாங்கினாள். தொலைபேசிப் பேச்சு வாரம் ஒன்று என்பது மாதம் ஒன்றாயிற்று. அப்படியொரு பேச்சில்தான் அக்கா மூச்சிரைக்கச் சொன்னாள்.

"கண்டுபிடிச்சுட்டேன்டி! ரெண்டு செத்த நட்சத்திரம். எரிஞ்சு முடிஞ்ச வெள்ளைக் குள்ளன்கள். நமக்கும் நிலாவுக்கும் எவ்வளவு தூரமோ, அதுக்குள்ள அடங்கற இடத்துல ரெண்டும் ஒண்ணையொண்ணு சுத்துது. இருபது நிமிஷத்துல ஒரு சுத்து! ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்கு ஹீலியம் ஓடிட்டே இருக்கு. வெறும் ஹீலியம். ஹைட்ரஜன் மருந்துக்குக்கூட இல்ல."

"ஒண்ணை ஒண்ணு உறிஞ்சுதாக்கா?"

"உறிஞ்சுதுன்னு சொல்லாதே. அவ குடுக்கறா. குடுக்கக் குடுக்க எடை குறைஞ்சு, கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப் போறா. கணக்கு அப்படித்தான் வருது." பிறகு, "ஒரு தடவை வந்து பாரேன்."

"அடுத்த மாசம் வரேன்க்கா."

அந்த அடுத்த மாதம் வரவேயில்லை. குளிர்ந்த விடியல் ஒன்றில், தொலைநோக்கிக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்த வாக்கிலேயே அக்கா போயிருந்தாள். நெஞ்சுச் சளியை அசட்டையாக விட்டதுதான் காரணம் என்றார் டாக்டர்.

அதோடு முடியவில்லை. அக்கா போனபின் சரிபார்க்க வந்த இரண்டு குழுவினரும் ஒரே மாதிரி எழுதினார்கள். இரட்டையில் ஒன்று மற்றதை மறைக்கும்போது அந்த ஒளிப்புள்ளி மங்க வேண்டும், சரி. ஆனால் இங்கே பக்கத்து நட்சத்திரங்களும் சேர்ந்து மங்குகின்றன. அப்படியானால் குறை வானத்தில் இல்லை, கருவியிலோ மேகத்திலோதான். இத்தனை வேகமாகப் படமெடுக்கும் கேமரா வேறெங்கும் இல்லாததால் மறுத்துச் சொல்லவும் ஆளில்லை. அக்காவின் நட்சத்திரத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடப் போகிறார்கள். நாளை முதல் மழைக்காலம், கூரை திறக்காது.

மிச்சமிருப்பது இந்த ஓர் இரவு.

இருட்டியதும் கூரை முனகிக்கொண்டு பிளந்தது. மாடியில் தொலைநோக்கி தனியே வானத்தைப் பார்த்து நின்றது. கீழே கட்டுப்பாட்டு அறையில் இருவரும் திரையின் முன் உட்கார்ந்தார்கள். புள்ளி புள்ளியாகக் கோடு நகர்ந்தது. மேல் கோடு அக்காவின் நட்சத்திரம். கீழே உள்ளவை பக்கத்து நட்சத்திரங்கள்.

"ஒரு பொட்டு மேகம் கிடையாது," என்றார் ஆந்தை. "வானம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கு."

"எங்கக்கா ஒத்துக்க மாட்டாளே."

"அதை ஏன் கேக்கறீங்க! கோடு இறங்க ஆரம்பிச்சாப் போதும், மேகம்தான் மறைக்குதோன்னு பதறி மேல ஓடிடுவாங்க. கண்ணால பாத்தாத்தான் நிம்மதி. 'ஏக்கா, மிஷின் சொல்லுதே'ன்னா, 'உன் மிஷினுக்குக் கண்ணு இருக்கா'ம்பாங்க. வலது கால் மூட்டு வலி வேற. இழுத்து இழுத்து நடந்து, தொலைநோக்கிக் குழாய்க்கு அடியில குனிஞ்சு போய், அந்தப் பக்கம் நின்னு பாத்துட்டு வருவாங்க."

மேல் கோடு சரிந்தது. அவள் நெஞ்சு துள்ளியது.

கீழ்க் கோடுகளும் சரிந்தன.

எல்லாம் சேர்ந்தாற்போல.

"மேகம்தானோ?"

ஆந்தையின் முகத்தில் அதுவரை இருந்த வெளிச்சம் வடிந்திருந்தது. கோடுகள் மேலேறி நேராயின. இருபது நிமிடம் கழித்து மறுபடி எல்லாம் ஒன்றாகச் சரிந்தன. இந்த முறை அவள் திரையைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே காதை வைத்திருந்தாள்.

மரத்தளத்தில் ஓர் அடி.

பிறகு ஓர் இழுப்பு.

ஓர் அடி. ஓர் இழுப்பு.

"மேல யாரு?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"வந்தவங்ககிட்ட எல்லாம் காத்துன்னு சொல்லி வெச்சேன்," என்று முணுமுணுத்தார் ஆந்தை. "வேற என்னத்தைச் சொல்ல? உயிரோட இருந்தப்ப குனிஞ்சு போவாங்க. இப்ப குனியணும்னு தெரியல போல. நேரா குழாய்க்கு முன்னாலயே குறுக்க நடக்கறாங்க."

அவள் எழுந்தாள். படியருகே வந்தபோது கை தானாக ஆணியைத் தடவியது.

ஆணியில் கோட்டு இல்லை.

மாடியில் கும்மிருட்டு. கூரைப் பிளவில் மட்டும் நட்சத்திரங்கள் கொட்டிக் கிடந்தன. எண்ணெயும் துருவும் சேர்ந்த இரும்பு வாசனை. அதற்குள்ளிருந்து மெல்ல, கூச்சத்தோடு வருவதுபோல, இன்னொரு வாசனை எழுந்தது.

இப்போதுதான் உரித்த ஆரஞ்சு.

தொலைநோக்கியின் அந்தப் பக்கம் நட்சத்திரங்கள் ஓரிடத்தில் மட்டும் இல்லை. அந்த இல்லாத இடத்துக்குத் தோளும் தலையும் இருந்தன. தலை அண்ணாந்திருந்தது.

கத்துவதற்குத் திறந்த வாயிலிருந்து வேறு சொல் வந்தது.

"அக்கா."

அசைவில்லை.

"மேகம் இல்லக்கா. நான் பாத்துட்டேன். சுத்தமா இல்ல." அவள் கூரைப் பிளவைக் காட்டினாள். "நீ குறுக்க வர்றே. நீ பதறிப் பதறி வந்து பாக்கறதாலதான் எல்லாம் மங்குது. உன் நட்சத்திரத்தைப் பொய்ங்கறாங்க. அடிச்சுடப் போறாங்கக்கா."

ஓர் அடி. ஓர் இழுப்பு. அவள் பக்கமாக.

"எனக்காகக் காத்திருந்தியா? வந்துட்டேன். லேட்டுதான். நான் பாத்துக்கறேன். நீ உக்காரு."

வாசனை முகத்தருகே நின்றது. நெற்றியில் விழுந்த முடியை ஏதோ ஒன்று காதோரம் ஒதுக்கியது. விரல்கள் பனிக்கட்டியாக இருந்தன.

பிறகு, இருட்டின் மூலையில், ஸ்டூல் கிறீச்சிட்டது.

அவள் எப்படிக் கீழே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நேரம் நெருங்க நெருங்க ஆந்தை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மேல் கோடு சரிந்தது. செங்குத்தாக, கத்தியால் வெட்டியதுபோல. கீழ்க் கோடுகள் நூல் பிடித்தாற்போல நேராகவே ஓடின.

"தனியா!" என்றார் ஆந்தை. "தங்கச்சிம்மா, தனியா மங்குது!"

அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும். விடியும்வரை அந்த இரட்டை தவறாமல் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவள் தலையைக் கைகளில் தாங்கி அழுதாள். திரைக்காக அல்ல. மேலே ஒரு சத்தமும் இல்லை. வந்து சேர ஒரு வருஷம் எடுத்துக்கொண்டவள், வந்த இரவே அக்காவை உட்காரச் சொல்லிவிட்டாள்.

"நின்னுடுச்சுல்ல?" என்றார் ஆந்தை. அவரும் மூக்கை உறிஞ்சினார். "இத்தனை நாள் பயந்து செத்தேன். இப்ப ஏன் இப்படி வெறிச்சுனு இருக்கு?"

வெளிச்சம் வந்தபின் இருவரும் மேலே போனார்கள். ஸ்டூல் காலியாக இருந்தது. இறங்கி வந்தபோது கோட்டு பழையபடி ஆணியில் தொங்கியது. தோள்களில் மட்டும் பனி ஈரம். அதை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு அவள் வேனில் ஏறினாள்.

அக்காவின் நட்சத்திரம் பட்டியலில் நிலைத்தது. பாராட்டுகள் வந்தன. அவள் வீடு திரும்பினாள், வேலைக்குப் போனாள், ஒன்றும் ருசிக்கவில்லை.

மழை பெய்த ஒரு மாலையில், வீட்டில், மேசை விளக்கின் கீழே அவள் படித்துக்கொண்டிருந்தாள். எதிரே தட்டில், ஆசையில்லாமல் வாங்கிவைத்த ஓர் ஆரஞ்சு. கோட்டு எதிர் நாற்காலியின் முதுகில்.

காகிதத்தின் மேல் நிழல் ஒன்று கடந்தது.

விளக்கு மங்கவில்லை. விளக்குக்கும் அவளுக்கும் நடுவே ஏதோ போயிற்று.

அவள் நிமிரவில்லை. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இருபது நிமிடம் ஆகியிருக்கும். நிழல் மறுபடி கடந்தது. பின்னால், ஓர் அடி. ஓர் இழுப்பு.

"வெளியில மேகம்தான்க்கா," என்றாள், குரல் உடைய. "இன்னிக்கு நல்லா பாரு. எவ்வளவு வேணாலும் பாரு."

வெகு நேரம் கழித்துத்தான் தலை தூக்கினாள்.

தட்டின் நடுவே அறுபடாத ஒரே சுருளாகத் தோல். இரண்டு பக்கமும் சுளைகள், சரிபாதியாக.

அவள் எண்ணவில்லை. எண்ணாமலே தெரிந்தது, தன் பக்கம்தான் அதிகம்.