கூடுதலாக ஒரு முடிச்சு

நூலில் ஒரு முடிச்சு கூடுதலாக இருந்தது.

தேவதாஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். சாப்பாட்டு மேசை முழுவதையும் மலாயா வரைபடம் அடைத்துக்கொண்டிருந்தது. அதன் மேல் மலாக்காவிலிருந்து பினாங்கு வரைக்கும், ரோடு வளைகிற இடத்திலெல்லாம் தானும் வளைந்து, கோகிலாவின் வெள்ளைத் தையல் நூல் கிடந்தது. தூரத்தை அளக்க அவராகவே கண்டுபிடித்த வழி அது. இரவு தங்குகிற ஊருக்கு ஒரு முடிச்சு. முதல் இரவு சிரம்பான், பிறகு தஞ்சோங் மாலிம், ஈப்போ, தைப்பிங். அவர் போட்ட முடிச்சுகள் எல்லாம் போட்ட இடத்திலேயே இருந்தன. ஆனால் சிரம்பானுக்கு வெகு முன்னால், அலோர் காஜாவைத் தாண்டித் தம்பின் வருவதற்குள், அவர் போடாத முடிச்சு ஒன்று இறுகிக் கிடந்தது.

"கோகிலா, இந்த நூலைத் தொட்டியா?"

உள்ளே தையல் இயந்திரத்தின் கடகட சத்தம் நின்றது. "நான் எதுக்குங்க தொடறேன்? எனக்கு இங்க திரைச்சீலை தைக்கவே நேரம் இல்ல."

அந்தக் குரலில் இருந்த சலிப்பைக் கேட்டு அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சலித்துக்கொள்ளக்கூடத் தெம்பில்லாமல் ஒரு வருடம் கிடந்தவள் அவள். பிரசவத்தில் குழந்தை செத்துப் பிறந்தது. பார்த்தால் மனசு தாங்காது என்று ஆஸ்பத்திரியில் அவளிடம் காட்டாமலேயே எடுத்துப் போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் வாசல் கேட்டைத் தாண்டவில்லை. ஊரெல்லாம் சுதந்திரம் வந்துவிட்டது, மெர்டேக்கா என்று கொடி பிடித்துப் பாடிக்கொண்டு போன நாளில்கூட ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். இப்படியே விட்டால் இவளும் போய்விடுவாள் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

அப்போதுதான் அந்த வண்டியை ஏலத்தில் எடுத்தார். பட்டாளத்தின் பழைய ஆம்புலன்ஸ். மலாக்காவில் காஜா பெராங் பக்கம் தேவதாஸின் கார்ப் பட்டறை என்றால் எல்லாருக்கும் தெரியும். வீட்டை ஒட்டினாற்போல் இருக்கும் அந்தப் பட்டறையில் வைத்து, உள்ளே இரண்டு படுக்கை, மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர் டிரம், பாத்திரம் வைக்க அலமாரி என்று ஒரு வீட்டையே அதற்குள் கட்டினார். வெளியே பச்சை வர்ணம் அடித்தார். எத்தனை முறை அடித்தாலும் வெயிலில் நின்றால் பக்கவாட்டில் பழைய சிலுவைக் குறி மங்கலாகத் தெரிந்தது. 'ஆமையாட்டம் வீட்டை முதுகுல தூக்கிக்கிட்டுப் போகப்போறாரு' என்று தெருவே கேலி செய்தது. கோகிலா வெளியே வந்து வண்டிக்குள் ஏறி, படுக்கையில் உட்கார்ந்து பார்த்து, "ஜன்னலுக்குத் திரை வேணும்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் தெருவின் கேலியை எல்லாம் மூட்டை கட்டி வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். திங்கட்கிழமை விடிகாலையில் புறப்பாடு. பினாங்கில் அவள் தங்கை மல்லிகா காத்திருக்கிறாள்.

முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்தார். சுலபத்தில் அவிழவில்லை. நூல் ஈரமாக இருந்தது, விரலை மூக்கருகே கொண்டுபோனபோது சாம்பிராணி வாசனை அடித்தது.

அந்த வாசனையை அவருக்குத் தெரியும். புதன்கிழமை அவர் மட்டும் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துவரப் போயிருந்தார். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு பட்டாளம் சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் நெடும்பயணம் என்றால் பெட்ரோல் கணக்கு மட்டும் பார்த்தால் போதாது. எந்த ஊரில் பொழுது சாய்ந்ததும் ஊரடங்கு, எந்தத் தடுப்பில் காட்டுக்குப் போய்ச் சேரும் என்று அரிசியைப் பிடுங்கிக்கொள்வார்கள், எங்கே காட்டோரமாக நிறுத்தக்கூடாது என்றெல்லாம் விசாரித்துக்கொண்டுதான் புறப்பட வேண்டும். அலோர் காஜா தாண்டியதும் தூறல் பிடித்தது. எஞ்சின் சூடேறிப்போனது. தண்ணீர் கேட்கலாம் என்று பார்த்தபோது, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு தகரக்கூரை வீடு தெரிந்தது. முன்னால் பச்சைத் தென்னங்கீற்றுப் பந்தல். பெஞ்சுகள் போட்டு வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

தமிழர் வீடு, விசாலமான முற்றம், ஏதோ விசேஷம் போலிருக்கிறது. இருட்டிவிட்டால் கோகிலாவோடு தங்க இதைவிட நல்ல இடம் வேறு கிடைக்குமா என்று அவர் மனம் கணக்குப் போட்டது. வண்டியைப் பின்பக்கமாக முற்றத்துக்குள் விட்டார். யாரும் 'வாங்க' என்று சொல்லவில்லை. தோட்டத்து ஜனங்கள், கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். தன் கைவேலையைக் காட்டும் ஆசையில் பின்கதவு இரண்டையும் அகலத் திறந்தும் வைத்தார்.

வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் எழுந்து வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். படுக்கையைக் கையால் தடவினார். "காலியா இருக்கே" என்றார்.

"இப்ப காலிதாங்க. திங்கக்கிழமை என் சம்சாரத்தைக் கூட்டிக்கிட்டு வருவேன். ஒரு ராத்திரி இங்க தங்கிக்கலாமா?"

பெரியவர் படுக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தேவதாஸ் தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு எஞ்சினுக்கு ஊற்றினார். வண்டியில் ஏறும்போது, மரியாதை தெரிந்த மனிதர் அல்லவா, கைகூப்பி, "அப்ப போயிட்டு வரேங்க" என்றார்.

அதுவரை குனிந்தே இருந்த தலைகள் எல்லாம் ஒரேயடியாக நிமிர்ந்தன.

"வாங்க," என்றார் பெரியவர். "காத்துக்கிட்டு இருக்கோம்."

வழி நெடுக வண்டிக்குள் சாம்பிராணி மணத்தது. வீட்டுக்கு வந்து வாளி வாளியாகத் தண்ணீர் விட்டுக் கழுவினார். கோகிலாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது? ஒரு வீட்டில் தண்ணீர் ஊற்றினேன், மனசு சரியில்லை என்றா? பேசாமல் முதல் தங்கலைச் சிரம்பான் என்று முடிச்சுப் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் தம்பிராஜா வந்தான். சிரம்பானுக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவன், பட்டறைக்கு வாடிக்கை. அவன் முன்னால் வரைபடத்தை விரித்து, பேச்சோடு பேச்சாக அந்த வீட்டைப் பற்றி விசாரித்தார்.

தம்பிராஜா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். "அங்க ஏதுண்ணே வீடு? சிமெண்டுத் தரை மட்டும்தான் கெடக்கு. முன்ன இருந்துச்சு, கங்காணி வீடு. சண்டை தொடங்கின நேரத்துல அவரு மகன் ரோட்டுல போனவன் சுடுபட்டுச் செத்துட்டான். ஆஸ்பத்திரி வண்டியில பொணம் வருதுன்னு சொல்லிவிட்டாங்களாம். பந்தல் போட்டு உக்காந்திருக்காங்க. வரல. மறுநாளும் வரல. அப்புறம் அந்தத் தோட்டத்து லயத்து ஆளுங்களையே லோரியில ஏத்தி வேற எடத்துக்குக் கொண்டுபோயிட்டாங்க. எங்க போய்ச் சேர்ந்தாங்கன்னு யாருக்கும் தெரியாது."

தேவதாஸின் கண் ஜன்னல் வழியாக வண்டியின் மேல் போனது. வெயிலில் பச்சை வர்ணத்துக்கு அடியில் சிலுவை தெரிந்தது.

"ஏண்ணே, அங்க நிப்பாட்டினீங்களா?"

"தண்ணி ஊத்த."

தம்பிராஜா குரலைத் தாழ்த்திக்கொண்டான். "வரும்போது சொல்லிக்கிட்டா வந்தீங்க?"

சாவு வீட்டில் வந்தவரை 'வாங்க' என்று கூப்பிட மாட்டார்கள். கிளம்புகிறவரும் 'போயிட்டு வரேன்' என்று சொல்ல மாட்டார். பேசாமல் எழுந்து போக வேண்டும். சொல்லிவிட்டு வந்தால் அதே காரியத்துக்கு மறுபடி அங்கே போக நேரும். மூக்கு ஒழுகுகிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. பிணத்துக்குக் காத்திருந்த வீட்டில் ஆஸ்பத்திரி வண்டியைப் பின்பக்கமாக விட்டு, கதவைத் திறந்து காட்டி, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று கைகூப்பிச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார் தேவதாஸ்.

கோகிலா பலகாரத் தட்டோடு வாசற்படியில் நின்றாள்.

"சேச்சே, இல்லப்பா" என்றார்.

அவன் போனதும் நூலைப் பார்த்தார். அவிழ்த்த முடிச்சு அதே இடத்தில் திரும்ப விழுந்திருந்தது.

அந்த நூலைச் சுருட்டிக் குப்பையில் எறிந்துவிட்டுப் புது நூல் எடுத்தார். அந்த ரோடே வேண்டாம். கடற்கரைப் பக்கமாகப் போனால் புக்கிட் ரம்பாய், சுங்கை ஊடாங், மஸ்ஜித் தானா, போர்ட் டிக்சன். தம்பின் பக்கம் தலை வைத்தும் படுக்க வேண்டியதில்லை. முதல் முடிச்சைப் போர்ட் டிக்சனில் போட்டார். கடல் காற்று அவளுக்கு நல்லது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றும் சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கூடுதல் முடிச்சு மஸ்ஜித் தானாவில் இருந்தது. அவிழ்த்தார். கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கி வந்து பார்த்தபோது வீட்டுக்கு இன்னும் கிட்டே, புக்கிட் ரம்பாயில் இருந்தது. இழுக்க இழுக்க இறுகியது, அவிழ்க்க முடியவில்லை. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ரோட்டை மாற்றி என்ன பயன்? அவர் அங்கே போகாவிட்டால் அவர்கள் இங்கே வருவார்கள். வந்துகொண்டிருக்கிறார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, பெண்டாட்டியைப் பிழைக்கவைக்கப் போட்ட வழியில் அவளைக் கொண்டுபோக ஆள் வந்துகொண்டிருந்தது.

மாலையில் மழை கொட்டியது. தெருவில் மெர்டேக்காவுக்குக் கட்டிய காகிதக்கொடிகள், மூன்று மாதமாக யாரும் அவிழ்க்காமல் விட்டவை, நனைந்து கரைந்து வர்ணம் வடித்தன. கோகிலா தைத்து முடித்த திரைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அத்தனை நாளாக இல்லாத களை.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கோகிலா. நாளைக்கிப் போக வேணாம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அடுத்த மாசம் போவோம். ரயில்ல போவோம். வண்டி சரியில்ல."

அவள் அழுவாள் என்று நினைத்தார். அழுதிருந்தால் அவர் மனம் இளகியிருக்கும், ஆனால் பயந்திருக்க மாட்டார். அவள் அழவில்லை. திரைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அதெப்படிங்க? வரேன்னு சொல்லிட்டு வந்தீங்களே."

"யாருகிட்ட?" என்றார்.

"வண்டியில இதைக் கட்டிப் பாக்கணும்." செருப்பை மாட்டினாள். படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். "நான் போறேன்."

மழைக்குள் இறங்கினாள். அந்த வார்த்தை வாசலிலேயே நின்றது. கல்யாணமாகி வந்த நாள் முதல் பக்கத்துக் கடைக்குப் போனால்கூட 'வரேன்' என்றுதான் சொல்லிவிட்டுப் போவாள். 'போறேன்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள்.

பின்னாலேயே ஓட நினைத்தார். அதற்குள் கண் மேசைக்குப் போனது.

வரைபடம் இருந்தது. நூல் இல்லை.

விளக்கு வைக்கிற நேரம். விளக்கைப் போட ஆளில்லை. மழைச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது. மரக்கால் சிமெண்டுத் தரையில் உரசுகிற சத்தம். ஒரு பெஞ்சு. இன்னொரு பெஞ்சு. இழுக்கிறார்கள். போடுகிறார்கள். பேச்சே இல்லை. வாசல் வழியாகப் பச்சைத் தென்னங்கீற்று வாசனை. ஈரம். சாம்பிராணி.

கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

அவர் வீட்டு முற்றத்தில் பந்தல். பெஞ்சுகள். வரிசையாக ஆட்கள், தலை குனிந்து. மழை அவர்களை நனைக்கவில்லை. யாரும் அவரை 'வாங்க' என்று சொல்லவில்லை. வெள்ளை வேட்டிப் பெரியவர் மட்டும் எழுந்து, துக்கத்துக்கு உரியவருக்குத் தருகிற மரியாதையோடு, ஒதுங்கி வழிவிட்டார்.

வண்டி பந்தலின் நடுவில் நின்றது. பின்கதவு இரண்டும் அகலத் திறந்திருந்தன. ஜன்னலில் புதுத் திரை. படுக்கையில் கோகிலா.

"கோகிலா."

பாதங்கள்தான் முதலில் தெரிந்தன. ஈரமான பாதங்கள். இரண்டாம் விரல்களில் மெட்டி. கால் கட்டைவிரல்கள் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. வெள்ளைத் தையல் நூல் அவற்றைச் சுற்றிச் சுற்றி ஓடி, ஒரே ஒரு முடிச்சில் முடிந்திருந்தது.

அவர் அதை நகத்தால் நெம்பினார். நெம்பினார். அவிழவில்லை. அவள் விரல்கள் ஐஸ்கட்டியாகச் சில்லிட்டிருந்தன.

பின்னால் பெஞ்சு நகர்ந்தது. ஒருவர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். அடுத்தவர் எழுந்தார். அவருக்கு அடுத்தவர். வந்த காரியம் முடிந்தவர்களாக, ஒவ்வொருவராக எழுந்து தெரு இருட்டுக்குள் இறங்கினார்கள். பெரியவர் கடைசியாகப் போனார்.

ஒருவர்கூடச் சொல்லிக்கொண்டு போகவில்லை.